ஊர் ஓட நின்ற லாரி

எங்கள் ஊரில் ஒருவரை மதிக்க வேண்டுமானால் அவரைப் பற்றி ஒன்றும் தெரியாமல் இருக்க வேண்டும். பட்டாளத்தாரை எல்லாரும் மதித்தார்கள்.

அவர் போருக்குப் போய்த் திரும்பியவர். இடது காலை விந்தி நடப்பார். இந்த இரண்டையும் கூட்டிப் பார்த்து, குண்டடி பட்ட கால் என்று ஊர் முடிவு செய்துவிட்டது. உண்மையில் அந்தக் கால், அவர் ஊருக்குத் திரும்பிக் கொட்டகை போட்ட பிறகு, ஜாக்கி சறுக்கி ஒரு டிராக்டரின் அச்சு இறங்கியதில் போனது. நாலு பேர் சேர்ந்துதான் அச்சைத் தூக்கி அவரை வெளியே இழுத்தார்கள். பின்னாளில் குண்டடிக் கதையை மிக விரிவாகச் சொன்னவர்களும் அந்த நாலு பேர்தான். பட்டாளத்தார் பொய் சொன்னதில்லை. அடுத்தவர் சொல்லும்போது குறுக்கே பேசாமல் இருந்தார், அவ்வளவுதான். பொய் சொல்கிறவனைவிட இப்படிப்பட்டவன் சுகவாசி. ஞாபகம் வைத்துக்கொள்ளும் வேலை முழுவதும் அடுத்தவனுடையது.

போரில் அவர் ஒரு தோட்டாகூடச் சுட்டதில்லை. கொடுத்த துப்பாக்கியில் துரு ஏறியதற்காக ஒருமுறை திட்டு வாங்கினார். சண்டை நடந்த இடத்துக்கு வெகு பின்னால், வண்டி பழுது பார்க்கும் பிரிவில் அவருக்கு வேலை. புதுச் சாமான் வராது. ஆகவே ஓடாத வண்டியிலிருந்து கழற்றி ஓடப்போகிற வண்டியில் மாட்டுவார்கள். ஆள் செத்தால் அழலாம், வண்டி செத்தால் கழற்றலாம் என்பது அந்தப் பிரிவில் வழங்கிய பழமொழி. சாகாததையும் கழற்றலாம் என்பது அவராகச் சேர்த்துக்கொண்ட திருத்தம்.

அந்தத் திருத்தம்தான் அவரை வீட்டுக்கு அனுப்பியது. மாற்றலாகிப் போக இருந்த மேலதிகாரி ஒருவர் தம் சோபா, கட்டில், கண்ணாடி அலமாரி எல்லாவற்றையும் ஒரு லாரியில் ஏற்றிக் கயிறு கட்டி வைத்திருந்தார். பக்கத்தில் காயம்பட்டவர்களை ஏற்றிய லாரி டீசல் பம்ப் போய் நின்றிருந்தது. பட்டாளத்தார் யாரையும் கேட்கவில்லை. சோபா லாரியின் பம்பைக் கழற்றி அதற்கு மாட்டினார். காயம்பட்டவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். சோபா போய்ச் சேரவில்லை. மேலதிகாரியின் மனைவி தரையில் உட்கார வேண்டியதாயிற்று. நம்மவர் ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. தன் வாழ்நாளில் அவர் செய்த ஒரே வீரச் செயல் இது. இதை அவர் மனைவியைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை, ஏனென்றால் இதைப் பற்றி அவருக்கு வெட்கமாக இருந்தது. பண்ணாத வீரத்தைப் பற்றி அவருக்கு எந்த வெட்கமும் இல்லை. அவர் மனைவி சொல்லித்தான் இந்த சோபா விவகாரம் வெளியே வந்தது. அந்த அம்மாளும் இதைப் பெருமையாகச் சொல்லவில்லை.

போருக்குப் போனவர்களுக்கெல்லாம் பொதுவில் கொடுத்த பதக்கம் ஒன்று அவரிடம் இருந்தது. அதில் கொட்டகைச் சாவியைக் கோர்த்து வைத்திருந்தார்.

கொட்டகை என்பது நான்கு இரும்புக் கம்பம், மேலே தகரம், கீழே எந்தக் காலத்திலோ மண்ணாக இருந்த ஒரு கருப்புத் தரை. நடந்தால் செருப்பு ஒட்டும். சுவருக்குப் பதில் பழைய டயர்கள். இடம் நகராட்சியுடையது. சாமான்கள் ஊராருடையவை. அவருக்கென்று சொந்தமாக இருந்தவை ஸ்பேனர்களும் ஒரு முக்காலியும்.

எங்கள் ஊரில் ஓடிய வண்டிகளெல்லாம் பெரிய ஊர்கள் ஓட்டிச் சலித்துத் தள்ளிவிட்ட, ஒரே கம்பெனியின் பழைய வண்டிகள். ஒன்றின் உறுப்பு மற்றொன்றுக்குச் சரியாகப் பொருந்தும். உறவுக்காரர்களிடம்கூட இவ்வளவு பொருத்தம் கிடையாது. ஒரு வண்டி பழுதாகி வந்தால், ஏற்கெனவே வேறொரு பழுதுக்காக நிற்கும் வண்டியிலிருந்து எடுத்து மாட்டி உடனே அனுப்பிவிடுவார். அதற்கு வேண்டியதை அடுத்து வருவதிலிருந்து எடுப்பார். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே. குப்பை லாரியின் டைனமோ பள்ளிக்கூட பஸ்ஸில் ஓடியது. பஸ்ஸின் கிளட்ச் தண்ணீர் லாரியில் ஓடியது. தன் வண்டியைப் பற்றிப் பெருமை பேசாத சொந்தக்காரர் ஊரில் இல்லை. தன் வண்டி முழுவதும் தன்னுடையதாக இருந்த சொந்தக்காரரும் இல்லை.

“கொண்டு போய் விட்டா போதும், உடனே சரி பண்ணிடுவார்” என்று எல்லாரும் அவரைப் புகழ்ந்தார்கள். நிற்கிற வண்டிக்காரர்கள் மட்டும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் நிற்கிறவன் பேச்சை எந்த ஊர் கேட்கிறது?

அவர் மனைவி தையல்காரி. பெண்களுக்கு மட்டும் தைப்பார். வீட்டின் முன்னறைதான் கடை: ஜன்னலோரம் மிஷின், எதிரே ஆளுயரக் கண்ணாடி, நடுவில் அளவெடுப்பதற்கு ஒரு திரை. ஒரு மழைக்காலத்தில் கொட்டகைக்குள் தண்ணீர் புகுந்து பட்டாளத்தார் சில நாள் வீட்டோடு இருந்தார். திரைக்கு இந்தப் பக்கம் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்தார். உள்ளே அளவெடுக்கும்போது இங்கிருந்து இருமினார். ஒரு பெண்ணும் வரவில்லை. பொழுது போகாமல் தையல் மிஷினைப் பிரித்து அதன் ஸ்பிரிங்கை எடுத்துக் கதவுத் தாழ்ப்பாளுக்குப் போட்டார். தாழ்ப்பாள் பிரமாதமாக வேலை செய்தது. கொட்டகை அந்த அம்மாளின் சோற்றையும் நிம்மதியையும் சேர்த்துத் தாங்கிக்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் குடும்பத்துக்கு விளங்கியது.

இந்த நிலையில்தான் ஊருக்கு ஒரு லாரி வந்தது.

ராணுவம் கழித்துவிட்ட லாரிகளைப் போர் நினைவுச் சின்னமாக ஊர்களுக்குக் கொடுத்தார்கள். எங்கள் நகராட்சித் தலைவர் எழுதிப் போட்டு ஒன்று வாங்கிவிட்டார். அவர் செங்கல் சூளை வைத்திருப்பவர். போர் மீது அவருக்குத் தனி மரியாதை, சின்னம் வைக்கப் பீடம் கட்ட வேண்டும் என்பதால். ஆனால் பீடத்தை எங்கே கட்டுவது என்பதில் உறுப்பினர்களுக்குள் சண்டை மூண்டது. அந்த லாரி பார்த்த எந்தச் சண்டையும் அவ்வளவு காலம் நீடித்திருக்காது. அதுவரை லாரி எங்கே நிற்பது? ஊரில் இருந்த ஒரே படைவீரரின் பொறுப்பில்தான். பூனையிடம் பாலை ஒப்படைத்ததோடு, அதற்கு நன்றியும் தெரிவித்தார்கள்.

பட்டாளத்தார் கொஞ்ச காலம் கையைக் கட்டிக்கொண்டுதான் இருந்தார். பிறகு தண்ணீர் லாரிக்கு டீசல் பம்ப் போயிற்று. கோடை. ஊர் குடத்தோடு நின்றது. எதிரே ஒரு லாரி, அதே கம்பெனி, நல்ல பம்போடு வெட்டியாக நின்றது. மனிதன் எவ்வளவு நாள் பொறுப்பான்? அதன் பிறகு ரேடியேட்டர் பள்ளிக்கூட பஸ்ஸுக்குப் போனது, செல்ஃப் மோட்டார் குப்பை லாரிக்குப் போனது. கியர் பாக்ஸ் தலைவரின் சொந்தச் செங்கல் லாரிக்கே போனது. மனசாட்சிக்காக அவர் ஆண்டுதோறும் நினைவு லாரிக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்தார். வெளியே பெயிண்ட் ஏற ஏற உள்ளே இரும்பு இறங்கிக்கொண்டே வந்தது. ஆனை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். இந்த ஆனை நின்றபடியே ஊர் முழுக்க நடந்துகொண்டிருந்தது.

தேர்தல் நெருங்கியதும் சண்டை தானாகத் தீர்ந்தது. நாற்சந்தியில் பீடம் எழுந்தது. திறந்து வைக்க ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஒருவர் வருவதாக ஏற்பாடு. தலைவர் தம் மச்சினனோடு கொட்டகைக்கு வந்தார். மச்சினனுக்கு டயர் கடை வைக்க ஒரு இடம் வேண்டியிருந்தது. அந்த இடம் இந்தக் கொட்டகையாக இருக்க வேண்டும் என்று அவன் ஏற்கெனவே முடிவுக்கு வந்திருந்தான். தகரத்தை அண்ணாந்து பார்த்து, மாற்ற வேண்டிய ஓட்டைகளை எண்ணினான்.

தலைவர் விஷயத்தைச் சொன்னார். லாரியைக் கயிறு கட்டி இழுத்து வருவது படைவீரர்களுக்கு அவமானம். அது தானாகவே ஓடி வந்து பீடத்தில் ஏற வேண்டும். பட்டாளத்தார்தான் ஓட்ட வேண்டும்.

“ஏறிட்டா, இந்தக் கொட்டகை உங்க ஆயுசுக்கும் உங்களுக்குத்தான்னு மேடையிலேயே சொல்லிடறேன், பட்டாளத்தாரே.”

“ஏறலைன்னா?”

தலைவர் மச்சினனைப் பார்த்தார். மச்சினன் தகரத்தைப் பார்த்தான்.

பட்டாளத்தார் வீட்டுக்கு வந்து திரைக்கு இந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் சொன்னார். மனைவி துணியை வெட்டிக்கொண்டே கேட்டார்.

“இப்ப லாரியில என்னதான் இருக்கு?”

“ஸ்டியரிங் இருக்கு.”

“அப்புறம்?”

“ஹாரன் இருக்கு.”

“பட்டாளத்துலேருந்து வந்தப்பவும் இப்படித்தான் சொன்னீங்க. சட்டை இருக்கு, பூட்ஸ் இருக்குன்னு.”

“கொட்டகை போச்சுன்னா நான் வீட்டோடதான் இருக்கணும்.”

கத்தரிக்கோல் நின்றது. “நீங்க வீட்டோட இருந்தா, நான் போய்ப் பட்டாளத்துல சேர்ந்துக்கறேன்.” மறுபடி துணியை வெட்டிக்கொண்டே அந்த அம்மாள் சொன்னார்: “எல்லார் வண்டியிலேருந்தும் திருப்பி எடுத்துடுங்க.”

“அவங்களுக்குத் தெரிஞ்சு போயிடுமே.”

“போட்டது தெரிஞ்சுதா? எடுத்தா மட்டும் எப்படித் தெரியும்?”

இந்தத் தர்க்கத்துக்குப் பதில் சொல்லக்கூடிய அறிஞர் எங்கள் ஊரில் இல்லை. நினைவுச் சின்னத் திறப்பை முன்னிட்டு எல்லா வண்டிகளுக்கும் இலவசப் பரிசோதனை என்று பட்டாளத்தார் சொல்லி அனுப்பினார். இலவசம் என்றால் நோய் இல்லாதவனும் மருந்து குடிக்கிற ஊர். விழாவுக்கு முந்தின நாள் காலையிலேயே தண்ணீர் லாரி, பள்ளிக்கூட பஸ், குப்பை லாரி எல்லாம் வரிசையாக வந்து நின்றன. முதல் ஆளாகத் தலைவரின் செங்கல் லாரி வந்தது.

தண்ணீர் லாரி டிரைவர் ஒருவன்தான் வண்டியை விட்டு நகராமல் குந்தியிருந்தான். பம்ப் தன் வண்டியிலிருந்து இறங்கி நினைவு லாரியில் ஏறுவதை அவன் கண்ணால் பார்த்துவிட்டான். பட்டாளத்தார் அவனிடம் மட்டும் உண்மையைச் சொன்னார், வேறு வழியில்லை.

“அண்ணே, அப்ப ஊருக்குத் தண்ணி?”

“நாளைக்குச் சாயங்காலம் திருப்பிப் போட்டுத் தரேன். அதுவரைக்கும் போரைப் பத்தி நினைக்கட்டும். நாங்கெல்லாம் தாகத்தோடதான் இருந்தோம்.”

அது உண்மையல்ல. பழுது பார்க்கும் பிரிவில் தண்ணீருக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. ஆனால் டிரைவர் எழுந்து நின்று ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தான்.

மறுநாள் ஊர் நின்றது. பிள்ளைகள் பள்ளிக்கு நடந்தார்கள், அல்லது நடக்க வேண்டியிருக்கிறது என்று வீட்டில் சொல்லிவிட்டு நாற்சந்திக்கு நடந்தார்கள். குப்பை அங்கங்கே குவிந்தது. விழாக் குழு அதன்மேல் வண்ணக் காகிதத்தைப் பரப்பியது. செங்கல் லாரி ஓடாததால் பீடத்தின் ஒரு மூலை கட்டி முடியவில்லை. அங்கே ஒரு திரைச்சீலையைத் தொங்கவிட்டார்கள். குழாயடியில் பெண்கள் தலைவரைப் பற்றிப் பேசிக்கொண்டது இங்கே எழுதத் தக்கதல்ல.

பட்டாளத்தாரின் பழைய சீருடை அவருக்குப் போதவில்லை. மனைவி முதுகுத் தையலைப் பிரித்து, நடுவில் வேறொரு துணியைக் கொடுத்துத் தைத்திருந்தார். கிடைத்தது பூப்போட்ட துணிதான். ஆகவே அன்று முழுவதும் அவர் யாருக்கும் முதுகு காட்டவில்லை. மேடையில் பக்கவாட்டாக நடந்தார், அதன் பின்பக்கப் படியில் பின்னோக்கி இறங்கினார். எதிரிக்கு முதுகு காட்டாத மிடுக்கு என்று தலைமையாசிரியர் கண்கலங்கினார்.

லாரி புறப்பட்டது. ஊரின் உறுப்புகளெல்லாம் ஒரே உடம்பில் சேர்ந்திருந்ததால், அது இருமியபோது ஊரே இருமியது போலிருந்தது. கறுப்புப் புகையைக் கக்கிக்கொண்டு கடைத்தெருவைக் கடந்து, பீடத்தின் சரிவில் ஏறி, ஒரு நொடி பின்வாங்கி, பட்டாளத்தாரின் மனைவி கண்ணை மூடிக்கொள்ள, மறுபடி முனகி, மேலே போய் நின்றது. கைதட்டல். தலைவர் மைக்கைப் பிடித்துக் கொட்டகை இனிப் பட்டாளத்தாருக்கே என்று அறிவித்தார். மச்சினனும் கைதட்டினான், தன் கையையே அறைவது போல.

கதை இங்கே முடிந்திருந்தால் எல்லாருக்கும் நல்லது. ஆனால் மச்சினன் மேடையேறி அக்கா புருஷனின் காதருகே குனிந்தான். மைக் காதருகிலேயே இருந்தது.

“மாமா, திருட்டுப் பசங்க சாமானைக் கழட்டிட்டுப் போயிடுவாங்க. பானட்டை வெல்டு வெச்சு மூடிடலாம். ஆளைக் கூட்டிட்டே வந்திருக்கேன்.”

வெல்டர் சிலிண்டரோடு கீழே நின்றிருந்தான். நல்ல யோசனை என்று கூட்டம் ஆமோதித்தது. தன் வண்டியின் உயிரைப் பூட்டி வைக்க ஊர் தானே ஒப்புக்கொண்டது. தண்ணீர் லாரி டிரைவர் மட்டும் கூட்டத்துக்கு நடுவே வெளுத்துப்போய்ப் பட்டாளத்தாரைப் பார்த்தான். வெல்டு விழுந்தால் நாளைக்கு ஒரு வண்டியும் கிளம்பாது. ஏன் என்று எல்லாரும் கேட்பார்கள். கொட்டகையைக் கொடுக்க ஒரு மைக் போதுமானால், பிடுங்கவும் ஒரு மைக் போதும்.

பட்டாளத்தார் அதுவரை அடுத்தவர் பொய்யில் வாழ்ந்தவர். சொந்தமாக ஒன்று சொல்ல வேண்டிய நேரம் வந்தது. மைக் முன்னால் போய் விறைப்பாக நின்றார்.

“அப்படிச் செய்யக் கூடாதுங்க. நினைவு வண்டின்னா வாராவாரம் பானட்டைத் திறந்து மரியாதை செய்யணும். அது பட்டாளத்து வழக்கம்.”

கூட்டம் முழுவதும் ராணுவ அதிகாரியைத் திரும்பிப் பார்த்தது. அவர் இப்படி ஒரு வழக்கத்தைக் கேள்விப்பட்டதே இல்லை என்பது அவர் முகத்தில் எழுதியிருந்தது. தெரியாது என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் பட்டாளத்தாரின் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் ஓய்வுபெற்ற அதிகாரி அப்படிச் சொல்லிப் பழகியவர் அல்ல. அவர் தொண்டையைச் செருமினார்.

“உண்மைதான். எங்க பிரிவிலயும் இருந்தது. தலையைக் குனிஞ்சு, கண்ணை மூடிக்கிட்டு நிக்கணும். அதை விட்டுட்டாரே.”

கண்ணை மூடும் ஏற்பாடு பட்டாளத்தாரின் மூளையில்கூடத் தோன்றாதது. அவர் நன்றியோடு ஒரு சல்யூட் அடித்தார். வெல்டர் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். பீடத்துக்கு வேலி போட்டுப் பூட்டி, சாவியைப் பட்டாளத்தாரிடமே கொடுத்தார்கள். அது பதக்கத்தில் போய்க் கோர்த்துக்கொண்டது.

அன்று மாலையே முதல் மரியாதை. அதற்கு முன்னால் வண்டியைத் தயார் செய்ய வேண்டும் என்று பட்டாளத்தார் தார்ப்பாய் கட்டி உள்ளே நுழைந்தார். தண்ணீர் லாரி டிரைவர் உதவிக்குப் போனான். போகும்போது வெறும் சாக்கு, வரும்போது கனத்த சாக்கு. தியாகத்தின் கனம் என்று யாரும் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் ஆச்சரியமில்லை. அடுத்தடுத்த வாரங்களில் செல்ஃப் மோட்டார் வந்தது, ரேடியேட்டர் வந்தது. மற்ற வண்டிக்காரர்களிடம் பரிசோதனை இன்னும் முடியவில்லை என்றார். இலவசம் என்பதால் யாரும் அவசரப்படுத்தவில்லை. கியர் பாக்ஸ் மட்டும் கடைசி வரை வரவில்லை. அதைச் சாக்கில் கொண்டுவர முடியாது. தலைவரின் லாரி இன்னும் கொட்டகையில்தான் நிற்கிறது. அதிலிருந்து இப்போது பல நல்ல சாமான்கள் கிடைப்பதாகக் கேள்வி.

மரியாதை வழக்கமாகிவிட்டது. வாரம் ஒருமுறை நாற்சந்தியில் ஊர் கூடுகிறது. பட்டாளத்தார் அதே சீருடையில் வந்து பானட்டைத் தூக்கி நிறுத்துகிறார். தலைவர், தலைமையாசிரியர், மச்சினன், எல்லாரும் தலையைக் குனிந்து கண்ணை மூடுகிறார்கள். திறந்த பானட்டுக்குள் ஒரு குருவிக் கூடு இருக்கிறது. மரியாதை நடந்துகொண்டிருக்கும்போதே தண்ணீர் லாரி தவறாமல் நாற்சந்தியைக் கடக்கிறது, குடங்களைக் கூப்பிட ஹாரன் அடித்துக்கொண்டு. தலைவர் ஒரு கண்ணை மட்டும் திறந்து டிரைவரை முறைக்கிறார். போர் வீரர்களிடம் மரியாதை இல்லாத பயல் என்று அவனை மாற்றச் சொல்லி இரண்டு முறை பேசிவிட்டார்.

அந்தக் கூட்டத்தில் கண்ணை மூடாத ஒரே ஆள் பட்டாளத்தாரின் மனைவி. போன வாரம் அவர் கணவரின் பக்கத்தில் போய் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார்.

“குருவி குஞ்சு பொரிச்சிருக்கு” என்றார் மெதுவாக.

“தெரியும். பானட்டைப் பார்த்து இறக்கணும்.”

“கூட்டத்துக்கு முதுகைக் காட்டாதீங்க. அந்தப் பூ இன்னும் அப்படியே இருக்கு.”

அவர் பானட்டை மெல்ல இறக்கிவிட்டு, பக்கவாட்டாகப் படியிறங்கி, விந்தி விந்திக் கொட்டகைக்குப் போனார். அந்த அம்மாள் விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தார். முன்னறையில் அளவு கொடுக்க இரண்டு பெண்கள் காத்திருந்தார்கள்.